பனியுருவான சிவன்: ஜப்பானியப் பாத்திரமேற்பு விளையாட்டுகளில் இந்தியத் தெய்வப் பெயர்களின் இருவழிப் பயணமும் புதுச்சேரியும்

ஆய்வுச்சுருக்கம்

கைக்கணினியில் (டேப்லெட்) இன்று ஆடப்பெறும் ஜப்பானியப் பாத்திரமேற்பு விளையாட்டுகளில் சிவன், அசுரர், கருடன், இராட்சதர், தருமம் முதலிய இந்தியப் பெயர்கள் மிகுதியாக வழங்குகின்றன. இப்பெயர்கள் ஜப்பானைச் சென்றடைந்த வழிகள் இரண்டு. ஒன்று, சீனம் வழியாகச் சென்ற பழைய பௌத்த வழி. மற்றொன்று, ஐரோப்பிய அச்சு நூல்களும் இந்தியவியலும் திறந்த புதிய வழி. பின்னதன் தொடக்கக் களங்களுள் ஒன்று புதுச்சேரி. விளையாட்டில் ஒரு பெயர் எந்த ஒலிவடிவில் வருகிறது என்பதைக் கொண்டு அது எவ்வழி வந்தது என்பதைப் பெரும்பாலும் அறியலாம் என இக்கட்டுரை வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: பாத்திரமேற்பு விளையாட்டு, புதுச்சேரி, பௌத்தம், படிமவியல், ஒலிபெயர்ப்பு, கைக்கணினி.

1. முன்னுரை

ஸ்குவேர் நிறுவனம் 1990இல் வெளியிட்ட 'ஃபைனல் ஃபேன்டசி 3' என்னும் விளையாட்டில், ஆடுபவர் மந்திரத்தால் அழைக்கும் துணையுருக்களுள் ஒன்றன் பெயர் 'ஷிவா'. அவ்வுரு பனியை ஏவும் ஒரு பெண். அடுத்தடுத்த பாகங்களிலும் அவளே தொடர்கிறாள். 2021 முதல் இத்தொடரின் முதல் ஆறு பாகங்கள் புதுப்பிக்கப்பெற்றுக் கைப்பேசிக்கும் கைக்கணினிக்கும் வந்துவிட்டமையால், முப்பதாண்டுக்கு முற்பட்ட இப்பனுவல்கள் இன்றைய தமிழ் இளைஞரின் கைக்கும் எட்டியுள்ளன.

புதுச்சேரியில் இருந்துகொண்டு இதனை நோக்கும் ஆய்வாளருக்கு ஒரு முரண் புலப்படும். செயின்ட் லூயி தெருவில் அமைந்துள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1955இல் ழான் ஃபிலியோசா என்பவரால் நிறுவப்பெற்றது. அந்நிறுவனத்திலும் தூரக்கிழக்கு பிரெஞ்சுப் பள்ளியின் புதுச்சேரி மையத்திலும் உள்ள சைவச் சுவடித் தொகுப்பு, ஏறத்தாழ 11,000 சுவடிகளைக் கொண்டது. யுனெஸ்கோ 2005இல் இதனை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. சிவனின் திருவுருவம் எவ்வாறு அமைய வேண்டும் என்பதைக் கை கையாக, ஆயுதம் ஆயுதமாக வரையறுக்கும் ஆகமங்கள் இத்தொகுப்பின் கருவூலம். அதே நகரில் ஒருவர் கைக்கணினியைத் திறந்தால் சிவன் என்னும் பெயர் பனிப்பெண்ணாக வந்து நிற்கிறது.

இதனைப் பிழை என்று தள்ளுவதும், நிந்தனை என்று சினப்பதும், வெறும் விளையாட்டு என்று புறக்கணிப்பதும் எளிது. 2012இல் 'ஸ்மைட்' என்னும் அமெரிக்க விளையாட்டில் காளியின் உருவம் காட்டப்பெற்ற விதத்துக்கு எதிர்ப்பு எழுந்தது. அவ்வகை எதிர்ப்புகள் உருவம் தகுமா என்று மட்டும் கேட்கின்றன. பெயர் எங்கிருந்து, யார் கைவழி அங்கே சென்றது என்பது வரலாற்றுக் கேள்வி. இக்கட்டுரை பின்னதை எடுத்துக்கொள்கிறது.

2. வடிவத்தின் வரலாறு

பாத்திரமேற்பு விளையாட்டு என்பது ஆடுபவர் ஒரு கதைமாந்தரின் நிலையை ஏற்று, அம்மாந்தருக்காக முடிவெடுத்துக் கதையை நடத்திச் செல்வது. தெருக்கூத்தில் வேடம் கட்டியவர் கதையின் முடிவை மாற்ற இயலாது. இங்கு வேடம் ஏற்றவரே வழியையும் தேர்கிறார். இவ்வகையின் அச்சு வடிவிலான தொடக்கம் 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகியோர் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. பகடையும் தாளும் எழுதுகோலும் கொண்டு மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடப்பெற்றது இது. 1981இல் 'அல்டிமா', 'விசார்ட்ரி' ஆகியவை இம்முறையைக் கணினித் திரைக்குக் கொண்டுவந்தன.

ஜப்பானில் யூஜி ஹோரி இவ்விரண்டின் கூறுகளையும் இணைத்து, வீட்டுத் தொலைக்காட்சியில் ஆடத்தக்க எளிய வடிவில் 'டிராகன் குவெஸ்ட்' விளையாட்டை 1986 மே மாதம் உருவாக்கி அளித்தார். 1987 திசம்பரில் ஹிரோநோபு சாகாகுச்சியின் 'ஃபைனல் ஃபேன்டசி' வந்தது. அதே ஆண்டில் ஆயா நிஷிதானியின் புதினத்தைத் தழுவி 'மெகாமி தென்செய்' வெளிவந்தது. உலகச் சமயங்கள் பலவற்றின் தெய்வங்களையும் பேய்களையும் பாத்திரங்களாகக் கொண்ட தொடர் அது.

இவற்றின் ஆட்டமுறை விரைவைச் சார்ந்ததன்று. ஆடுபவர் முறை வரும்போது 'தாக்கு', 'மந்திரம்', 'பொருள்' போன்ற கட்டளைகளுள் ஒன்றைத் தேர்கிறார்; விளைவு எழுத்தில் தோன்றுகிறது; ஊர்மக்களின் உரையாடலைப் படித்தே அடுத்த வழி தெரிகிறது. அதாவது ஆடுதலின் பெரும்பகுதி படித்தல். கைக்கணினியில் இத்தன்மை இன்னும் கூடுகிறது. விரல் தொட்டால் அடுத்த வரி வருகிறது. ஆட்டத்தை எங்கும் நிறுத்தி, பிறகு தொடரலாம். எனவே இவ்விளையாட்டுகளைப் பனுவலாகக் கொண்டு ஆராய்வது பொருந்தும்.

தொடக்ககால எந்திரங்களின் நினைவகம் மிகச் சிறியது. முதல் 'டிராகன் குவெஸ்ட்' முழுவதும் 64 கிலோபைட்டில் அடங்கியது. இடமின்மையால் கதகானா எழுத்துகளுள் ஏறத்தாழ இருபதை மட்டுமே அதில் பயன்படுத்தினர். அயற்பெயர்களை எழுத ஜப்பானியர் கையாளும் எழுத்துமுறை கதகானா. சில எழுத்துகளிலேயே பொருளும் அச்சமும் தரக்கூடிய அயற்பெயர்கள் இச்சூழலில் மதிப்புப் பெற்றன. அப்பெயர்கள் எங்கிருந்து கிடைத்தன என்பதே அடுத்து வரும் வினா.

3. முதல் வழி: பௌத்தம்

இந்தியத் தெய்வங்கள் ஜப்பானுக்குப் புதியவர் அல்லர். பௌத்த நூல்களின் சீன மொழிபெயர்ப்புகள் வழியே அவர்கள் அங்கே சென்று ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகின்றன. இந்திரன் 'தாய்ஷகுதென்' ஆனான். சரசுவதி 'பென்ஸாய்தென்' ஆனாள். மகாகாலன் 'தாய்கொகுதென்' ஆனான். மகேசுவரன் 'தாய்ஜிஸாய்தென்' ஆனான். பெயர்கள் பெரும்பாலும் பொருள்வழி மொழிபெயர்க்கப்பெற்றன. கருடன் 'கருரா' என்றும் அசுரர் 'அஷுரா' என்றும் ஒலிவழியும் சென்றனர்.

இவ்வழியில் தென்னிந்தியாவுக்கும் பங்குண்டு. தென்னிந்திய அந்தணத் துறவியாக அவரது நினைவுக் கல்வெட்டு குறிப்பிடும் போதிசேனர் 736இல் ஜப்பானை அடைந்தார். 752இல் நாரா நகரின் தோதாய்-ஜி ஆலயப் பெரும் புத்தர் படிமத்துக்குக் கண்திறப்புச் செய்தவர் அவரே. அவ்விழாவில் 'கிகாகு' என்னும் முகமூடிக் கூத்து நிகழ்ந்தது. அக்காலக் கூத்தின் முகமூடிகள் நாராவிலுள்ள ஷோசோ-இன் கருவூலத்தில் இன்றும் உள்ளன. அக்கூத்தின் பாத்திரங்களுள் 'கருரா' எனும் கருடனும் 'பரமோன்' எனும் பிராமணனும் அடங்குவர். இந்தியப் பெயருடைய பாத்திரத்தை ஜப்பானியர் ஏற்று ஆடிய வரலாறு, ஆக, எட்டாம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது.

பௌத்தத் துறவிகள் கற்ற சித்தம் எழுத்தின் வழியே மற்றொன்றும் சென்றது. 'அ, இ, உ, எ, ஒ' என்று தொடங்கி 'க, ச, த, ந' என நடக்கும் ஜப்பானிய ஐம்பதொலி அட்டவணையின் வரிசை, வடமொழி எழுத்து வரிசையைக் கற்றதன் விளைவு. விளையாட்டின் தொடக்கத்தில் பாத்திரத்துக்குப் பெயரிட ஆடுபவர்முன் விரியும் எழுத்துக் கட்டம் இவ்வரிசையில் அமைந்ததே. தமிழ் நெடுங்கணக்கு அறிந்தவருக்கு அதன் நடை அயலாகத் தோன்றாது.

4. இரண்டாம் வழி: புதுச்சேரியும் ஐரோப்பிய அச்சும்

பதினெட்டாம் நூற்றாண்டில் வேறொரு வழி திறந்தது. அதில் புதுச்சேரியின் இடம் முதன்மையானது. பிரெஞ்சு ஆட்சிச் சபையின் துபாஷியாக இருந்த மரிதாசு பிள்ளை, தமிழ்ப் பாகவதத்தைப் பிரெஞ்சில் பெயர்த்தார். அது 'பாகவதம்' என்ற பெயரிலேயே 1788இல் பாரிசில் அச்சேறியது. அதற்கு ஆறாண்டு முன்னர், 1782இல், பியேர் சொன்னெரா தம் கீழை இந்தியப் பயண நூலை இந்துத் தெய்வங்களின் செப்புத்தகட்டு ஓவியங்களுடன் வெளியிட்டார். புதுச்சேரியில் தங்கிக் கண்டவையே அந்நூலின் பெரும்பகுதிக்கு அடிப்படை.

இவ்வழி தெளிந்த வழியாக எப்போதும் இருந்ததில்லை. 'எசூர்வேதம்' என்னும் நூலின் கதை இதற்குச் சான்று. வேதம் என்ற பெயரில் 1760இல் வோல்தேரின் கைக்கு எட்டிய இந்நூலை அவர் மறு ஆண்டு அரச நூலகத்துக்கு அளித்தார். 1778இல் அது அச்சானது. அது வேதமன்று, சமயப் பரப்புநர் ஒருவர் இயற்றியது என்று 1782இல் சொன்னெரா எழுதினார். புதுச்சேரிச் சேசுசபையார் வசமிருந்த கையெழுத்துப்படிகளை நேரில் ஆராய்ந்து இச்சிக்கலை விரிவாக விளக்கியவர், தமிழுலகம் எல்லீசன் என அறிந்த பிரான்சிஸ் வைட் எல்லிஸ். அக்கட்டுரை அவர் மறைவுக்குப்பின் 1822இல் வெளிவந்தது. பெயர் ஒன்றாகவும் பொருள் வேறாகவும் பயணம் செய்யும் நிகழ்வு பனிப்பெண் ஷிவாவுக்கு இருநூறு ஆண்டு முன்னரே இந்நகரில் அறியப்பட்டது. அதனை அறிஞர் எதிர்கொண்டது மூலத்தைத் தேடும் ஆய்வு வழியே என்பது இங்கு நினைக்கத்தக்கது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரு வழிகளும் பாரிசில் சந்தித்தன. 1876இல் ஜப்பான், சீனம், இந்தியா ஆகியவற்றில் பயணம் செய்த எமில் கிமே, கியோத்தோ தோஜி ஆலயத்தின் மண்டலச் சிற்பத் தொகுதிக்குப் படிகள் செய்வித்துக் கொண்டுவந்தார். அவர் நிறுவிய அருங்காட்சியகத்தில் ஜப்பானியப் பௌத்தத் தெய்வங்களும் தென்னிந்தியச் செப்புத் திருமேனிகளும் ஒரே கூரையின்கீழ் அமைந்தன. புதுச்சேரியில் ஆசிரியராக இருந்த ழுவோ துய்ப்ரே எழுதிய தென்னிந்தியத் தொல்லியல் நூலை 1914இல் வெளியிட்டது அவ்வருங்காட்சியக வரிசையே. அதன் இரண்டாம் தொகுதி முழுதும் படிமவியல். கோயில்களை நேரில் கண்டு, சிவனின் திருவுருவ வகைகளை ஐரோப்பிய வாசகருக்கு அடையாளம் காட்டிய நூல் அது.

ஜப்பானியரும் இந்தியாவை இக்காலத்தில் ஐரோப்பா வழியே மீண்டும் கற்றனர். நான்ஜோ புன்யூ ஆக்ஸ்போர்டில் மாக்ஸ் முல்லரிடம் வடமொழி பயின்று, சீனத் திரிபிடகத்தின் ஆங்கில அட்டவணையை 1883இல் வெளியிட்டார். முல்லரிடம் பயின்ற தகாகுசு ஜுன்ஜிரோ, தோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழகத்தில் வடமொழி கற்பித்து, 1922-24இல் உபநிடதங்களின் ஜப்பானிய மொழிபெயர்ப்பை முன்னின்று நடத்தினார். மாக்ஸ் முல்லரோ பாரிசில் யூஜின் பூர்னூஃபிடம் கற்றவர். பாகவத புராணத்தை 1840 முதல் பிரெஞ்சு மொழிபெயர்ப்புடன் பதிப்பித்தவர் பூர்னூஃப். விளையாட்டை உருவாக்கியோர் சொன்னெராவையோ துய்ப்ரேயையோ படித்தனர் என்பது இங்கு வாதமன்று. 'தாய்ஜிஸாய்தென்' என்று மட்டும் அறியப்பட்டவர் 'ஷிவா' என்ற பெயரிலும் அறியப்படுவதற்குரிய அறிவுச்சூழல் இவ்வாறு உருவாயிற்று என்பதே வாதம்.

இதே அச்சு மரபின் கடைசிக் கிளை அமெரிக்க மேசை விளையாட்டு. 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' தொடரின் 1977ஆம் ஆண்டு உயிரினக் கையேட்டில் இராட்சதர் இடம்பெற்றனர். 1980இல் வந்த தெய்வங்கள் பற்றிய கையேட்டில் இந்தியத் தெய்வங்களுக்குத் தனி இயலே உண்டு. அத்தெய்வங்கள் அங்கே வலிமை எண்களும் ஆற்றல் பட்டியலும் கொண்ட பாத்திரங்களாயின.

5. ஒலிவடிவம் தரும் சான்று

விளையாட்டுப் பெயர்களை இவ்விரு வழிகளோடும் ஒப்பிட்டால் ஒரு வரன்முறை புலப்படும். பௌத்த வழியில் இராட்சதர் 'ரசெட்சு'. 1987ஆம் ஆண்டு 'ஃபைனல் ஃபேன்டசி'யிலோ 'ரக்ஷாசா' என்றே வருகின்றனர். இது அமெரிக்கக் கையேட்டின் தடம். பௌத்த வழியில் சிவன் 'தாய்ஜிஸாய்தென்'. விளையாட்டில் 'ஷிவா'. இதுவும் இரண்டாம் வழியே.

அசுரர் நிலை வேறு. 1991ஆம் ஆண்டு 'ஃபைனல் ஃபேன்டசி 4'இல் வரும் 'அசுரா' துணையுருக்களின் அரசி. மூன்று முகங்கள் உடையவள். எம்முகம் திரும்புகிறதோ அதற்கேற்பக் காத்தல், நலமாக்கல், உயிர்ப்பித்தல் ஆகியவற்றுள் ஒன்று நிகழும். பெயரின் ஒலிவடிவம் புதிய வழியைச் சார்ந்தது. ஆனால் மூன்று முகம், நாரா கோஃபுகு-ஜி ஆலயத்தில் 734இல் செய்யப்பெற்ற புகழ்பெற்ற மூன்று முக, ஆறு கை அஷுரா படிமத்தை ஜப்பானியருக்கு நினைவூட்டாமல் இராது. பெயர் ஒரு வழியிலும் உருவம் மறுவழியிலும் வந்து ஒரு பாத்திரத்தில் கூடியமைக்கு இது தக்க எடுத்துக்காட்டு.

2004இல் வந்த 'டிஜிட்டல் டெவில் சாகா'வில் மாந்தர் அக்னி, வாயு, பிருதிவி, தியௌசு என்னும் உருக்களை எடுக்கின்றனர். அவர்கள் அடைய விழையும் இடம் நிர்வாணம். நெருப்பு, காற்று, நிலத் தெய்வங்களுக்குப் பௌத்தப் பெயர்கள் ஜப்பானிய மொழியில் இருந்தும், வேதகாலப் பெயர்களே கையாளப்பெற்றன. நூலகத்து இந்தியவியல் வெகுமக்கள் கலைக்குள் இறங்கிய நிலை இது.

1988ஆம் ஆண்டு 'டிராகன் குவெஸ்ட் 3'இல் வரும் 'தாமா' ஆலயம் இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. தருமம் என்னும் சொல்லின் சாயல் கொண்ட இவ்வாலயத்தில் மாந்தர் தம் தொழிலை மாற்றிக்கொள்ளலாம்: போர்வீரர் மந்திரவாதி ஆகலாம், வணிகர் துறவி ஆகலாம். தரும நூல்கள் தொழிலைப் பிறப்போடு பிணைத்தன. தருமத்தின் பெயர் கொண்ட இவ்விடமோ அப்பிணைப்பை அவிழ்க்கும் இடமாக நிற்கிறது. பிற்கால ஆங்கில வடிவங்களில் இவ்வாலயத்துக்கு எல்லாத் தொழில்களுக்குமான மடம் என்ற பொருளில் புதுப்பெயர் இடப்பட்டது. ஆங்கிலத்தில் மட்டும் ஆடும் தமிழர் இச்சொல்லை அங்குக் காணவே இயலாது.

6. அடக்கித் துணையாக்கல்

பெயருக்கு அப்பால் ஆட்டமுறையிலும் ஒரு தொடர்பு உண்டு. 'ஃபைனல் ஃபேன்டசி 4'இல் அசுராவையும், 1992இல் வந்த ஐந்தாம் பாகத்தில் ஷிவாவையும் போரிட்டு வென்ற பின்னரே ஆடுபவர் துணையாகப் பெறுகிறார். வென்றவருக்கு வெல்லப்பட்ட தெய்வம் காவலாகிறது.

ஜப்பானியப் பௌத்தத்தில் இக்கருத்து பழையது. ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த தோஜி ஆலயச் சிற்பத் தொகுதியில் 'கோசன்ஸே' எனும் காவல் தெய்வம் மகேசுவரனையும் உமையையும் காலின்கீழ் மிதித்து நிற்கிறது. அடக்கப்பட்ட மகேசுவரன் அறத்தின் காவலர் வரிசையில் சேர்க்கப்படுகிறான். சைவ நோக்கில் இது ஏற்க இயலாத காட்சி. சமயங்களின் போட்டியைக் காட்டும் வரலாற்றுச் சான்றாக அதன் மதிப்புக் குறையாது.

தமிழ் வாசகருக்கு இவ்வமைப்பு அறிமுகமானதே. கந்தபுராணத்தில் முருகனிடம் தோற்ற சூரபதுமன் மயிலும் சேவலுமாகி ஊர்தியும் கொடியும் ஆகிறான். பகையை அழிக்காமல் துணையாக்கும் இக்கதைமுறை சைவம், பௌத்தம், விளையாட்டு ஆகிய மூன்றிலும் காணப்படுகிறது. நேரடிக் கடன் என்று இதனைக் கூறுதற்கில்லை. எனினும் ஒப்பாய்வுக்குரிய களம் இது. அயல்நாட்டு ஆய்வாளரைவிடக் கந்தபுராண மரபை அறிந்த தமிழ் ஆய்வாளரே இதனைச் செவ்விதின் செய்ய இயலும்.

7. தமிழில் இல்லாத பனுவல்

1962இல் நடைமுறைக்கு வந்த ஒப்படைப்பு உடன்படிக்கை, மக்களின் பேராளர்கள் வேறு முடிவெடுக்கும்வரை புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சிமொழியாகத் தொடரும் என்றது. அதனால் இந்நகரில் தமிழ், பிரெஞ்சு, ஆங்கிலம் மூன்றும் படிக்கும் குடும்பங்கள் இன்றும் உள்ளன. கைக்கணினியில் 'ஃபைனல் ஃபேன்டசி'யைத் திறக்கும் புதுச்சேரி மாணவர் அதனை ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ படிக்கலாம். செருமனும் கொரியமும்கூட மொழிப்பட்டியலில் உண்டு, தமிழ் இல்லை.

இதற்கு எழுத்தைக் காரணம் காட்ட இயலாது. 1991இல் வந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. இன்றைய கைக்கணினிகள் தமிழைப் பிழையின்றிக் காட்டுகின்றன. ஒரு விளையாட்டின் உரையாடல் தொகுதி ஒரு புதினத்தின் அளவுக்கும் மேற்படும். அதனை மொழிபெயர்ப்பதற்கு உழைப்பும் பொருளும் வேண்டும். அவ்வுழைப்பைக் கோரும் வாசகர் திரள் உண்டு என்று வெளியீட்டாளர்க்குத் தோன்றவில்லை.

இதன் விளைவு மொழிப்பற்று சார்ந்த குறை மட்டுமன்று. சிவன் என்னும் பெயர் தமிழ் எழுத்தில் வரின், படிப்பவர் அதனைத் தம் மரபோடு உடனே உறழ்ந்து பார்ப்பார். ஒப்புமையும் வேறுபாடும் வினாவாகும். உரோமன் எழுத்தில் வரும்போது அது அயற்கதையின் அயற்பெயராகவே கடந்து போகிறது. தன் மரபின் சொல்லைத் தன்னுடையது என்று அறியாமலேயே ஒரு தலைமுறை படித்துச் செல்லும் நிலை ஆய்வுலகின் கவலைக்குரியது.

8. முடிவுரை

ஜப்பானியப் பாத்திரமேற்பு விளையாட்டுகளில் உள்ள இந்தியப் பெயர்கள் பௌத்த வழி, ஐரோப்பிய அச்சு வழி என்னும் இரண்டன் வழியே சென்றவை. பெயரின் ஒலிவடிவம் வழியைக் காட்டும் முதற்சான்று. அசுரா போன்ற பாத்திரங்களில் இருவழியும் கலந்துள்ளன. இரண்டாம் வழியின் தொடக்கத்தில் மரிதாசு பிள்ளையின் மொழிபெயர்ப்பு, சொன்னெராவின் ஓவியங்கள், துய்ப்ரேயின் படிமவியல் எனப் புதுச்சேரி தொடர்ந்து பங்காற்றியுள்ளது.

இனிச் செய்யத்தக்கவை இரண்டு. முதலாவது, இவ்விளையாட்டுகளில் வரும் இந்தியப் பெயர்களை ஜப்பானிய ஒலிவடிவம், பௌத்த ஒலிவடிவம், ஆங்கில, பிரெஞ்சு வடிவங்கள், தமிழ் மூலம் ஆகியவற்றோடு அட்டவணைப்படுத்தல். இரண்டாவது, தமிழியல் துறைகள் இவற்றை மொழிபெயர்ப்பு, நாட்டார் வழக்காற்றியல் ஆகியவற்றின் ஆய்வுப் பொருளாக ஏற்றல். சைவச் சுவடிகளும் பிரெஞ்சு நூல்களும் ஒருங்கே கிடைக்கும் புதுச்சேரி இவ்விரு பணிகளுக்கும் இயல்பான களம். பனிப்பெண்ணின் பெயர் சென்ற வழியை முழுவதும் பின்தொடர்வதற்குத் தேவையான ஆவணங்களில் ஒரு பகுதி இந்நகரிலேயே உள்ளது.